பக்கப் பந்தயக் கணக்கில் தவறும் இடங்கள்

தண்டையார்பேட்டையில் என் வீட்டு மாடியில் ஒரு பழைய கேரம் பலகை இருக்கிறது. அதன்மேல் பச்சைத் துணியை விரித்தால் அதுதான் எங்கள் பிளாக்ஜாக் சீட்டாட்ட மேசை. கப்பல் காசினோக்களில் டீலர் வேலைக்கு, அதாவது சீட்டுப் போடும் வேலைக்கு, போக விரும்பும் பிள்ளைகள் வியாசர்பாடியிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் மாலையில் வந்து பழகுகிறார்கள். பிளாஸ்டிக் சிப்புகள் மட்டுமே. காசு வைத்து ஆட இங்கே சட்டமும் இடம் தராது, நானும் தர மாட்டேன்.

சீட்டு நழுவுவதும் கூட்டலில் பிசகுவதும் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். முதன்மை ஆட்டத்தோடு கூடுதலாகத் தனியே கட்டுவதுதான் பக்கப் பந்தயம். “பக்கப் பந்தயம் வைத்தால் காசினோ விடுதிக்கு லாபம் கூடுமா?” என்று கேட்டால், வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே மூச்சில் “கூடும்” என்கிறார்கள். போன வாரம்கூட ஒரு தம்பி, “ஆறு சதவீதம் எங்கே, அரை சதவீதம் எங்கே, அண்ணா?” என்று என்னையே மடக்கினார். கோவாவில், மாண்டோவி ஆற்றில் நிற்கும் ஒரு கப்பலில் மேற்பார்வையாளராக இருந்தபோது நானும் இதையே சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் செய்தும் பார்த்தேன்.

சதவீதத்தை மட்டும் பார்ப்பது

சதவீதங்கள் உண்மைதான். பிளாக்ஜாக்கை முறைப்படி ஆடுகிறவரிடம் விடுதிக்கு நூற்றுக்கு அரை ரூபாய் அளவில்தான் நிற்கும். அதே மேசையில், முதல் இரண்டு சீட்டும் ஜோடியாக வரும் என்று கட்டும் ‘பெர்ஃபெக்ட் பேர்ஸ்’ பந்தயத்தில், ஆறு சீட்டுக்கட்டு வைத்து, ஜோடி ஒரே பூவாக (இரண்டும் ஹார்ட் என்பதுபோல) இருந்தால் 25, ஒரே நிறமானால் 12, வேறு நிறமானால் 6 மடங்கு கொடுத்தால் நூற்றுக்கு 6.11 ரூபாய் நிற்கும். பக்காரா என்ற இன்னொரு சீட்டாட்டத்தில், இரு பக்கங்களில் ஒன்றான ‘பேங்கர்’ பக்கம் கட்டினால் 1.06; இரண்டும் சமன் ஆகும் என்று கட்டி எட்டு மடங்கு வாங்கும் பந்தயத்திலோ 14.36. இவற்றைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது. பெரிய தொகை ஆடும் மேசையிலும் ஜோடிப் பந்தயத்துக்குச் சிப்பு வைக்கத் தனி வட்டம் போடலாம் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

நான் கணக்கில் சேர்க்காதது நேரம். பக்கப் பந்தயம் வந்ததும் டீலர் ஒவ்வொரு வட்டமாகப் பார்க்க வேண்டும். ஜோடி விழுந்தால் அது ஒரே பூவா, ஒரே நிறமா, வேறு நிறமா என்று பிரித்து, மடங்கைக் கணக்கிட்டு, சிப்புகளை அடுக்கிக் காட்டிக் கொடுக்க வேண்டும். அதுவரை மற்ற ஆட்டக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து பேர், ஆளுக்கு 500 ரூபாய், மணிக்கு 60 சுற்று. சாதாரண ஆட்டக்காரர்கள் தவறு செய்வார்கள் என்பதால் விடுதிக்கு ஒரு சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 1,500 ரூபாய். இப்போது இரண்டு பேர் ஆளுக்கு 100 ரூபாய் ஜோடியில் கட்டுகிறார்கள். சுற்று 52 ஆகக் குறைகிறது. முதன்மை ஆட்டத்தில் 1,300, ஜோடியில் 635, ஆக 1,935. லாபம் கூடிவிட்டது.

அதே கணக்கை ஆளுக்கு 5,000 ரூபாய் ஆடும் மேசைக்குக் கொண்டுபோங்கள். முன்பு மணிக்கு 15,000. இப்போது 13,000, அதனுடன் அதே 635. மணிக்கு 1,365 ரூபாய் நட்டம். சுற்றுக்குச் சுமார் 630 ரூபாய் ஜோடியில் கட்டப்பட்டால்தான் போன நேரம் ஈடாகும். ஆனால் 25 மடங்கு கொடுக்க வேண்டிய பந்தயத்துக்கு உச்சவரம்பைத் தாழ்வாகத்தான் வைப்பார்கள். நானும் அப்படித்தான் வைக்கச் சொன்னேன்.

காசிமேட்டு ஏலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். வஞ்சிரக் கூடையில் லாபம் அதிகம்தான். ஆனால் ஒரு கூடைக்குப் பேரம் பேசியே விடிந்துவிட்டால் மற்றக் கூடைகளில் ஐஸ் உருகிவிடும். காசிமேட்டுக் காற்றில் வளர்ந்த எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்பதுதான் இன்றும் ஆறவில்லை. கடைசியில் ஒரு நோட்டுடன் மேசைக்குப் பின்னால் நின்று, சுற்றுக்கு ஒரு கோடு கிழித்து எண்ணிய பிறகே தவறு கண்ணுக்குத் தெரிந்தது. அந்த வட்டத்தை எடுக்கச் சொல்லி நானே மறுபடி எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொள்ள மேலே இருந்தவர்களுக்கு மனம் வரவில்லை. ஜோடிப் பந்தயம் நன்றாக ஓடுகிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தனிக்கணக்கு இருப்பதாக நினைப்பது

அவர்கள் அப்படிச் சொன்னதற்கும் ஆதாரம் கிடையாது. வழக்கமான மேசைக் கணக்கில், தொடக்கத்தில் டீலரின் சிப்புத் தட்டில் இருந்த சிப்பு, இடையில் வந்தது, போனது, முடிவில் மிஞ்சியது, ஆட்டக்காரர்கள் சிப்பு வாங்கக் கொடுத்துப் பெட்டியில் விழுந்த பணம் ஆகியவைதான் இருக்கும். எந்தப் பந்தயத்தில் வந்த சிப்பானாலும் சேர்வது அதே தட்டில்தான். பக்கப் பந்தயத்தின் பங்கைத் தெரிந்துகொள்ள யாராவது நின்று எண்ண வேண்டும். எண்ணாமல் சொல்லும் தொகை வெறும் ஊகம்.

ஒரு வார வரவை நம்புவது

நம்பாதீர்கள். 25 மடங்கு வழக்கத்தைவிடப் பல முறை கூடுதலாக விழுந்தால் அந்த வார வரவே மாறிவிடும்.

ஆட்டக்காரரின் பையை மறப்பது

பத்தாயிரம் ரூபாயோடு வந்தவர், தோற்றால் அந்தப் பத்தாயிரத்தைத்தான் தோற்பார். பக்கப் பந்தயம் பெரும்பாலும் அதை விரைவுபடுத்துகிறது. சனிக்கிழமை இரவில் அவர் எழுந்தால் அந்த நாற்காலிக்கு ஆள் காத்திருக்கும். செவ்வாய்க்கிழமை மதியம் அது காலியாகவே கிடக்கும். இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கக்கூடியவரை நாமே எழுப்பி அனுப்பியதாகிவிடும்.

சீட்டுக்கட்டுகளை எண்ணாமல் விடுவது

அதே ஜோடிப் பந்தயம், அதே மடங்குகள், ஆனால் எட்டுக் கட்டு: 6.11 சதவீதம் 4.10 ஆகிவிடும். கட்டு கூடினால் ஜோடி விழுவதும் கூடும். பாடத்தில் படித்த எண்ணை எந்த மேசைக்கும் ஒட்டாதீர்கள்.

சீட்டை முதலில் எடுத்துவிடுவது

ஜோடிப் பந்தயத்தை முதல் இரண்டு சீட்டு விழுந்த உடனே தீர்த்துவிட வேண்டும். ஆட்டம் முடிந்து சீட்டுகளை வாரிய பிறகு “எனக்கு ஜோடி வந்திருந்ததே” என்று ஒருவர் சொன்னால், கேமராப் பதிவைப் பார்த்துச் சொல்லும்வரை மேசை நிற்கும். நேற்று கேரம் பலகையில் அந்தத் தம்பி இதையே செய்தார். அவரையே மீண்டும் முதல் சீட்டிலிருந்து போட வைத்தேன்.