தசையோடு மல்லுக்கட்டாதீர்கள்: ஸ்ட்ரெச்சிங்கில் நாம் செய்யும் தவறுகள்

தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கால் விரலைத் தொடப் பார்க்கிறோம். எட்டவில்லை. உடனே வெடுக் வெடுக்கென்று முன்னால் எம்பி, அந்த வேகத்திலாவது தொட்டுவிடப் பார்க்கிறோம். தவறு இங்கேதான் தொடங்குகிறது.

தசைக்குள் தசைக்கதிர் என்ற நுண்ணிய உணர்விகள் இருக்கின்றன. தசை எவ்வளவு நீள்கிறது என்பதோடு எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதையும் அவை கவனிக்கும். திடீரென்று இழுத்தால் தண்டுவடத்திலிருந்தே ‘சுருங்கு’ என்று உத்தரவு வந்துவிடும், மூளையைக் கேட்டுக்கொண்டிருக்காது. டாக்டர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டும்போது கால் தானாக உதைக்குமே, அதே அனிச்சைச் செயல்தான். 1924இல் லிடெல், ஷெரிங்டன் இருவரும் இதை விரிவாக எழுதினார்கள். நாம் நீட்டுகிறோம், தசையோ சுருங்குகிறது. இந்த இழுபறியில் தசை காயப்படலாம்.

மெதுவாகக் குனியுங்கள். இழுவை தெரிந்ததும் அங்கேயே நில்லுங்கள், மூச்சைப் பிடித்து வைக்காதீர்கள். சிறிது நேரத்தில் தொடையின் பின்பக்க இறுக்கம் கொஞ்சம் இளகுவது தெரியும். 30 நொடி போதும். 1994இல் தொடைப் பின்தசையை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், வாரத்துக்கு ஐந்து நாள் 60 நொடி பிடித்தவர்களுக்கு 30 நொடி பிடித்தவர்களைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

அந்த இளக்கத்தைப் பார்த்துத் தசை நீண்டுவிட்டது என்று நம்புவது அடுத்த தவறு. சற்று நேரத்தில் அது பழையபடி ஆகிவிடும். சில வாரம் விடாமல் செய்தால் வளைவு கூடுவது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பங்கு, அந்த இழுவையைத் தாங்க நரம்பு மண்டலம் பழகிக்கொள்வதால் வருகிறது. அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வதை நான் ஒப்புவதே இல்லை. பழக்க வேண்டியதை ஏன் மிரட்ட வேண்டும்?

ஓடுவதற்கோ எடை தூக்குவதற்கோ சற்று முன், ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டிப் பிடிக்காதீர்கள். அதன் வலு தற்காலிகமாகக் குறையும். அப்போது வேகநடையும் காலை வீசி ஆட்டுவதும்தான் ஏற்றவை. மறுநாள் உடம்பு வலிக்காமல் இருக்கத்தான் ஸ்ட்ரெச்சிங் என்பவர்களும் உண்டு. அந்த வலியை அது பெரிதாகக் குறைப்பதில்லை. தசை கிழிந்து புதிதாக வீங்கியிருக்கும்போது நீட்டவே கூடாது.

பலரும் கோட்டை விடுவது நரம்பு விஷயத்தில்தான். தசை இழுபட்டாலும் ‘நரம்பு இழுக்குது’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் உண்மையிலேயே நரம்பு இழுபடும்போது கண்டுகொள்வதில்லை. தசையின் இழுவை தொடை நடுவில் கனமாக, பரவலாகத் தெரியும். மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று கோடாக இறங்கினாலோ, பாதம் மரத்துப்போனாலோ உடனே தளர்த்துங்கள். இழுவை லேசாக இருக்கும்போதே ஒன்று செய்து பார்க்கலாம். முதுகையும் காலையும் அசைக்காமல் தலையை மட்டும் நிமிர்த்துங்கள். காலில் இழுவை குறைகிறதா? அப்படியானால் இழுபடுவது நரம்பாக இருக்கலாம். தொடைத் தசை கழுத்துவரை வருவதில்லை. நரம்போ காலிலிருந்து தண்டுவடம் வழியாகத் தலைவரை ஒரே தொடராக இருக்கிறது.