மார்பகப் புற்றுநோய்: வகை தெரியும் முன் சிகிச்சையில் இறங்க வேண்டாம்

பயாப்சியில் கேன்சர் என்று வந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்பது, "எந்த ஸ்டேஜ்?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகிறார்கள். ஆபரேஷன் முதலிலா கீமோ முதலிலா, எந்த மருந்து, எத்தனை வருடம் என்பதையெல்லாம் முடிவு செய்வதில் ஸ்டேஜுக்கு இருக்கும் அதே பங்கு நோயின் வகைக்கும் உண்டு.

வகையைச் சொல்லும் வரிகள் பயாப்சி ரிப்போர்ட்டின் கடைசிப் பகுதியில் இருக்கும். ஈஆர், பிஆர் இரண்டும் புற்று செல்கள் பெண் ஹார்மோன்களைப் பிடித்து வளர்கின்றனவா என்று காட்டுபவை. ஹெர்2 என்பது செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். அது அளவுக்கு மீறி இருந்தால் கட்டி வேகமாக வளரும். மூன்றும் இல்லாவிட்டால் டிரிபிள் நெகட்டிவ். ஈஆர் அல்லது பிஆர் இருந்தால் ஹார்மோன் வகை; உலக அளவில் பத்தில் ஏழு பேருக்கு அதுதான். நம் நாட்டில் டிரிபிள் நெகட்டிவின் பங்கு மேலைநாடுகளைவிடக் கூடுதல்.

இந்த வரிகள் வருவதற்கு முன்பே கட்டியை எடுத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பெரிய தவறு. "உள்ளே வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது?" என்ற பயம் புரிகிறது. ஆனால் ஹெர்2 பாசிட்டிவோ டிரிபிள் நெகட்டிவோ ஆக இருந்து, கட்டி 2 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ அக்குளில் நெறி கட்டியிருந்தாலோ, மருந்தை முதலில் கொடுத்து அப்புறம் ஆபரேஷன் செய்வதே இன்று பொதுவான வழக்கம். கட்டி சுருங்கினால் மார்பகத்தை முழுதாக எடுக்காமல் தப்பலாம் என்பது ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம், மருந்து வேலை செய்கிறதா என்று கண்ணெதிரே தெரிவது. மருந்துக்குப் பிறகும் ஆபரேஷனில் உயிருள்ள புற்று செல்கள் மிஞ்சியிருந்தால் ஹெர்2 வகைக்கு டி-டிஎம்1, டிரிபிள் நெகட்டிவுக்கு கேப்சிடபைன் என்று அடுத்த மருந்துக்கு மாறுவார்கள். முதலிலேயே வெட்டி எடுத்துவிட்டால் இப்படிப் பார்க்கக் கட்டியே இருக்காது. வகை தெரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். அதற்குள் நோய் கைமீறிப் போய்விடாது.

மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் எஃப்என்ஏசி மட்டும் இதற்குப் போதாது. திசுத் துண்டு வரும் ட்ரூகட் பயாப்சி வேண்டும். எடுத்த துண்டை ஒரு மணி நேரத்துக்குள் திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டு, 6 முதல் 72 மணி நேரம்வரை அதில் வைத்திருக்க வேண்டும். சின்ன நர்சிங் ஹோமில் கட்டியை எடுத்து, சலைன் பாட்டிலில் போட்டு, மறுநாள் சொந்தக்காரர் கையில் லேபுக்குக் கொடுத்தனுப்பினால் ஈஆர் இருந்தும் இல்லை என்று வரக்கூடும். அதன் விலை, அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பல வருட ஹார்மோன் மாத்திரை. கிரேடு 1, அதாவது மெதுவாக வளரும் கட்டி, என்று போட்டுவிட்டு மூன்றும் நெகட்டிவ் என்று வந்தால், இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம் என்பதால் வேறு லேபில் மறுபடி பார்க்கச் சொல்வதில் தவறே இல்லை.

ஹெர்2 வரியில் 0, 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம். ஹெர்2 மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் சோதனை செய்தால்தான் தீரும். செலவை நினைத்து அதை விட்டுவிட்டு, ஏதோ ஒன்றை வைத்துச் சிகிச்சையைத் தொடங்குவது இரண்டு பக்கமும் நஷ்டம். பாசிட்டிவ் என்றால் ஹெர்2வைக் குறிவைக்கும் ட்ராஸ்டுஸுமாப் ஊசி, வழக்கமாக ஒரு வருடம். கீமோ முடிந்து முடி வளர ஆரம்பித்ததும் 'எல்லாம் முடிந்தது' என்று ஊசியையும் நிறுத்திவிடுபவர்கள் உண்டு, செய்யக்கூடாது. இதயத்தைப் பார்க்கும் எக்கோவையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஹார்மோன் வகையில் தவறு இதைவிட அமைதியாக நடக்கும். தினம் ஒரு சின்ன மாத்திரை, பார்க்க வைட்டமின் மாதிரி. ஐந்து வருடமாவது போட வேண்டியதை மூட்டு வலி, உடல் சூடு என்று இரண்டாம் வருடத்திலேயே, டாக்டரிடம் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். இந்த வகைதான் பத்து, பதினைந்து வருடம் கழித்தும் திரும்பக்கூடியது. தொந்தரவு இருந்தால் சொல்லுங்கள். மாத்திரையை மாற்ற வழி இருக்கிறது. இன்னொன்று: கீமோவால் மாதவிடாய் நின்றுபோனால் அது நிரந்தரம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சினைப்பை வேலை செய்துகொண்டிருக்கும்போது லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரையைத் தனியாகக் கொடுத்துப் பயனில்லை. சினைப்பையை அடக்கும் ஊசியும் சேர வேண்டும், அல்லது டாமோக்சிஃபென் என்ற வேறு ஹார்மோன் மாத்திரை. டாமோக்சிஃபென் எடுப்பவர்கள் மனச்சோர்வுக்கு மருந்து கேட்கும்போது அதையும் சொல்லிவிட வேண்டும். பராக்ஸெடின், ஃப்ளூஆக்ஸெடின் இரண்டும் அதன் வேலையைக் குறைக்கக்கூடியவை.

"பெரியம்மாவுக்கு வெறும் மாத்திரைதான் கொடுத்தாங்க, உனக்கு மட்டும் ஏன் கீமோ?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். பெரியம்மாவுக்கு ஹார்மோன் வகையாக இருந்திருக்கும். நெறிக்குப் பரவாத, ஹெர்2 இல்லாத ஹார்மோன் வகையில் கட்டியின் 21 மரபணுக்களைப் பார்க்கும் சோதனையின் மதிப்பெண் 25 வரை இருந்தால், 50 வயதைத் தாண்டிய பெரும்பாலானவர்களுக்குக் கீமோவால் கூடுதல் பயன் இல்லை என்று 2018இல் வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வு காட்டியது. சோதனை விலை கூடியதுதான். ஆனால் அந்த முடிவை டிரிபிள் நெகட்டிவ் உள்ள தங்கைக்குப் பொருத்திக் கீமோவை மறுப்பது ஆபத்து.

டிரிபிள் நெகட்டிவ் என்றால் மருந்தே கிடையாது என்று கலங்குவதும் தேவையில்லை. கீமோவுக்கு நன்றாகக் கேட்கிற வகை அது. பெம்ப்ரோலிசுமாப் போன்ற, உடலின் எதிர்ப்புச்சக்தியைத் தூண்டும் மருந்தையும் சேர்க்கிறார்கள். இவர்களுக்கு, பரம்பரையாக வரும் கோளாறைக் காட்டும் பிஆர்சிஏ மரபணுச் சோதனை அவசியம் பார்க்க வேண்டும்; அது அக்கா தங்கைக்கும் மகளுக்கும் மட்டும் இல்லை, அண்ணன் தம்பிக்கும் பொருந்தும் விஷயம்.

நோய் எலும்புக்கோ கல்லீரலுக்கோ போயிருந்தால், முடிகிற இடத்தில் மறுபடி பயாப்சி எடுப்பது நல்லது. பழைய ரிப்போர்ட்டில் இருந்த வகை மாறியிருக்கலாம். முன்பு நெகட்டிவ் என்று ஒதுக்கிய ஹெர்2 1+ கூட இந்தக் கட்டத்தில் ட்ராஸ்டுஸுமாப் டெரக்ஸ்டெகான் என்ற மருந்துக்கு வழி திறக்கலாம்.

இரண்டாவது கருத்துக் கேட்க வேறு ஊருக்குப் போகிறவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் எடுத்துப் போகாமல், லேபில் கேட்டு, திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் வாங்கிச் செல்லுங்கள். அவை இருந்தால் மறுபடி ஊசி குத்தாமலே வகையைச் சரிபார்த்துவிடலாம்.