போர்முனையில் நண்பன், ஊரில் காதலி: ராணுவக் கதை எழுத உட்கார்கிறவர்களுக்கு

ராணுவப் படத்துக்குக் கதை வைத்திருக்கிறேன் என்று சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கதைகள். ஒன்றில் இரண்டு சிப்பாய்கள் உயிருக்கு உயிராகப் பழகுகிறார்கள், இன்னொன்றில் அவர்களில் ஒருவனுக்கு ஊரில் ஒரு பெண் காத்திருக்கிறாள், இரண்டையும் சண்டை, பாட்டு, சண்டை, பாட்டு என்று மாற்றி மாற்றி அடுக்கினால் படம் வந்துவிடும் என்ற நம்பிக்கை. வராது. காதல் நண்பன் வழியாகப் போர்முனைக்குள் வந்து சேர வேண்டும். இந்த வகைப் படத்தின் சூட்சுமம் அதுதான்.

இதற்கு நான் எப்போதும் காட்டுவது 1957-இல் வந்த 'கொக்குகள் பறக்கின்றன' என்ற சோவியத் படத்தை (அடுத்த வருடம் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் பெரிய விருதை வாங்கியது இதுதான்). போர்முனையில் இருக்கும் போரிஸ் கையில் காதலி வெரோனிகாவின் போட்டோ இருக்கிறது. கூட இருக்கும் ஒரு சிப்பாய் அதைப் பார்த்து ஏதோ கிண்டலாகச் சொல்ல, போரிஸ் அவனை அடித்துவிடுகிறான். அப்புறம் அதே ஆளோடு சேர்த்து வேவு பார்க்க அனுப்புகிறார்கள், அவனுக்குக் குண்டடி படுகிறது, அவனைத் தூக்கிக்கொண்டு வரும்போதுதான் போரிஸும் சுடப்படுகிறான். காதலி அங்கே இல்லை, ஒரு போட்டோதான் இருக்கிறது, ஆனால் அந்தப் போட்டோவால்தான் இரண்டு ஆண்களுக்கு நடுவே பகை வருகிறது, அதனால்தான் அவன் இவனைச் சுமந்து வருவதற்கு அத்தனை கனம் கிடைக்கிறது. கனவுப் பாட்டு வைத்து இதைச் செய்ய முடியாது.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? வருடத்திலிருந்து. எந்த வருடம், எந்த இடம் என்று முடிவு செய்யாமல் ஒரு காட்சிகூட எழுதாதீர்கள், ஏனென்றால் இருவரும் எப்படிப் பேசிக்கொள்ள முடியும் என்பதை முடிவு செய்வது அதுதான். கார்கில் என்றால் 1999, ஜம்மு காஷ்மீருக்கு செல்போன் சேவை வந்ததே 2003-இல்தான், ஆக உங்கள் ஆட்களுக்குக் கடிதமும் எஸ்.டி.டி. பூத்தும்தான் கதி. கடிதத்தின் மேல் 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' என்று ராணுவத் தபால் நிலைய முகவரிதான் இருக்கும். அதை வைத்து அவன் எந்த மலையில் கிடக்கிறான் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தொலைக்காட்சியில் டோலோலிங் என்ற கார்கில் மலையின் பெயர் வருகிறது, அவன் அங்கேதான் இருக்கிறானா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. இதை வைத்தே அரை மணி நேரம் ஓட்டலாம். 2014 கதை என்றால் வேறு விதமான சிக்கல்: வெளி மாநிலத்து ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீருக்குள் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து ரயிலில் போகும் பையனின் போன் மாநில எல்லையைத் தாண்டியதும் செத்துவிடும், நண்பனின் போனைத்தான் இரவல் கேட்க வேண்டும். பாருங்கள், நண்பன் காதலுக்குள் தானாகவே வந்துவிட்டான்.

அடுத்தது நட்பு. காதலை ஓரமாக வைத்துவிட்டு முதலில் இதை முழுசாக எழுதுங்கள். "இவர்கள் நெருங்கிய நண்பர்கள்" என்று வசனத்தில் சொல்லவே கூடாது. காலாட்படையில் ஒரு செக்‌ஷன் என்பது ஒரு ஹவில்தாரின் கீழ் சுமார் பத்துப் பேர், அதற்குள்ளும் இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள், ஒருவன் தூங்கினால் மற்றவன் விழித்திருப்பான், ஒருவன் ஓடினால் மற்றவன் சுட்டு மறைப்பு கொடுப்பான். நட்பு அங்கேதான் முளைக்கும், பிடிக்காதவனோடும் முளைக்கும். யார் யாருக்கு சாக்ஸ் கொடுத்தான், குளிரில் ஸ்டவ்வைப் பற்றவைக்க யார் முதலில் எழுந்தான், யாருக்கு யார் கடன்பட்டிருக்கிறான் என்கிற மாதிரி சில்லறை விஷயங்களாக ஐந்தாறு காட்சி எழுதிவிட்டால் போதும்.

மொழியையும் யோசியுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் (1758-இல் தொடங்கியது, மையம் குன்னூர் பக்கத்தில் வெலிங்டன்) தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒரே பாரக்கில் கேட்கும், ஆர்டர் மட்டும் இந்தியில் வரும். எனக்கு இன்னும் பிடித்த ஏற்பாடு வேறு ஒன்று. உங்கள் ஆளை மருத்துவப் படையின் நர்சிங் அசிஸ்டெண்ட் ஆக்கி, தமிழே தெரியாத ஒரு பட்டாலியனோடு அனுப்பிவிடுங்கள், நிஜத்தில் அப்படித்தான் அனுப்புவார்கள். அவனுடைய நண்பன் ஜம்மு பக்கத்து டோக்ரா பையன். ஊரிலிருந்து கடிதம் வந்தால் "என்ன எழுதியிருக்கிறாள், படி" என்று கேட்பான், இவன் உடைந்த இந்தியில் பாதியை மறைத்துச் சொல்வான், சண்டை போட்டு எழுதிய கடிதத்தைக்கூட அன்பாக எழுதியதாக மாற்றிச் சொல்வான். நாளைக்கு இவன் இல்லாமல் போனால் அவன் கையில் இருப்பது அவனால் படிக்கவே முடியாத ஒரு கட்டுக் கடிதம்.

இனி முக்கோணக் காதல். இரண்டு நண்பர்கள், ஒரே பெண், நடுவில் ஒரு போர். ஆஸ்கரின் முதல் சிறந்த படமான 'விங்ஸ்' (1927) இந்த வகைதான், அதை எடுத்த வில்லியம் வெல்மன் முதல் உலகப் போரில் பிரெஞ்சு விமானப்படையோடு பறந்தவர். ஜாக், டேவிட் இருவருக்கும் ஒரே பெண் மேல் ஆசை, ஆனால் படத்தின் உச்சம் அவளைப் பற்றியது இல்லை: எதிரியின் விமானத்தைத் திருடிக்கொண்டு தப்பி வரும் டேவிட்டை, ஜெர்மானியன் என்று நினைத்து ஜாக்கே சுட்டு வீழ்த்திவிடுகிறான். பெண்ணால் வந்த மனத்தாங்கல் அந்த ஒரு நொடியில் மொத்தமாக நண்பன் மேல் வந்து இறங்குகிறது. இதோடு 2001-இல் வந்த 'பேர்ல் ஹார்பர்' படத்தை வைத்துப் பாருங்கள். மூன்று மணி நேரப் படம், அதே மாதிரி இரண்டு விமானிகள், நடுவில் ஒரு நர்ஸ், ஜப்பானியர் குண்டு போட வருவதற்குள் பாதிப் படம் போய்விடுகிறது, வந்த பிறகோ அந்தக் காதலுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. என் கட்சி இதுதான்: முக்கோணம் வேண்டுமென்றால் அதன் விலை சண்டைக் காட்சியில் கொடுக்கப்பட வேண்டும், ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுது தீர்த்துக்கொள்வதாக இருந்தால் முக்கோணமே வேண்டாம்.

சண்டைக் காட்சி எழுதும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இவனுக்கு அந்தப் பெண் இல்லாவிட்டாலும் இதையேதான் செய்திருப்பானா? ஆமாம் என்றால் காதல் இன்னும் கதைக்குள் வரவில்லை என்று அர்த்தம். அடுத்த மாதம் கல்யாணம் என்று தெரிந்த நண்பன், முன்னால் போக வேண்டிய முறை இவனுடையதாக இருக்கும்போது தானே முந்திக்கொண்டு போகலாம், அது இவனுக்கு அவமானமாக இருக்கலாம், அதனால் இருவருக்கும் சண்டை வரலாம், சண்டை தீராத நிலையிலேயே குண்டு விழலாம். குண்டு பாய்ந்ததும் ஸ்லோ மோஷனில் அவள் முகம் வருவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கார்கில் மலைகள் பதினாறாயிரம், பதினேழாயிரம் அடி, அங்கே மூச்சு வாங்குவதே பெரும் பாடு, ஆட்கள் ராத்திரியில் பாறையைப் பிடித்து ஏறினார்கள். அந்த உயரத்தில் யாரும் ஓடிக்கொண்டே நீளமாக வசனம் பேச முடியாது.

பெண்ணுக்கும் தனியாக ஒரு வாழ்க்கை கொடுங்கள், ஜன்னலோரம் நிற்பது மட்டும் வேலையாக இருக்கக் கூடாது. 'அமரன்' (2024) காஷ்மீரில் உயிரிழந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதையை அவருடைய மனைவி இந்துவின் பார்வையிலிருந்து சொன்னதால்தான் ராணுவத்தோடு சம்பந்தமே இல்லாதவர்களையும் உட்கார வைத்தது. முடிவு என்ன என்று தெரிந்தேதான் அத்தனை பேரும் தியேட்டருக்குப் போனார்கள்.

லீவுக் காட்சிகளில் கணக்கு முக்கியம். ஜவானுக்கு வருடத்துக்கு அறுபது நாள் ஆண்டு விடுப்பு உண்டு, ஆனால் கேட்ட நேரத்தில் கிடைக்காது, மலையிலிருந்து இறங்கி, டிரான்சிட் கேம்ப்பில் காத்திருந்து, ரயில் பிடித்து வேலூர்ப் பக்கம் ஒரு ஊருக்கு வந்து சேர்வதற்குள் பல நாள் கரைந்துவிடும். 'ஒரு சிப்பாயின் கதைப்பாடல்' (1959) என்ற சோவியத் படம் முழுக்கவே இப்படி ஒரு ஆறு நாள் லீவுதான். அம்மாவின் வீட்டுக் கூரையைச் சரிசெய்யப் போகிற பையன் ரயிலில் ஒரு பெண்ணைச் சந்திக்கிறான், வழியில் முன்பின் தெரியாத ஒரு சிப்பாயின் மனைவிக்காகக் கொடுத்தனுப்பிய சோப்பைச் சேர்க்கப் போகிறான், போனால் அவள் வேறொருவனோடு இருக்கிறாள், சோப்பைத் திரும்ப வாங்கி அந்தச் சிப்பாயின் அப்பாவிடம் கொடுத்துவிட்டு வருகிறான். காதலும் தோழமையும் ஒரே பயணத்தில் நடக்கின்றன, தனித்தனி டிராக் என்பதே கிடையாது. உங்கள் ஆள் லீவில் வரும்போதும் நண்பன் கொடுத்தனுப்பிய ஏதாவது ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

கூப்பிடும் முறையைக் கோட்டை விட்டால் ராணுவக் குடும்பங்கள் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். ஜவான் சுபேதாரை 'சாப்' என்பான், அதிகாரியை 'சார்' என்பான், நண்பனின் மனைவியை 'அண்ணி' என்பானா 'தங்கச்சி' என்பானா என்று வயதைப் பார்த்து முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் கடைசியில் அவளிடம் பேச வேண்டியவன் பெரும்பாலும் அவன்தான். இறந்தவரின் உடலோடு யூனிட்டிலிருந்து ஆள் வருவது வழக்கம். அந்த ஆள் நண்பனாக இருந்தால் அவன் முதன்முதலாக அவளைப் பார்ப்பது அப்போதுதான். அந்தக் காட்சியில் தியாகம், தேசம் என்று அவன் வாயில் எதுவும் வர வேண்டாம், கடன் வாங்கிய நூறு ரூபாயைப் பற்றிப் பேசட்டும்.

எழுதி முடித்ததும் ஓய்வு பெற்ற ஹவில்தார் அல்லது சுபேதார் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், அதிகாரிகளைவிட இவர்கள்தான் பாரக்கில் என்ன பேசுவார்கள் என்று சரியாகச் சொல்வார்கள். படமாகவே எடுக்கப் போகிறீர்கள் என்றால் பாதுகாப்பு அமைச்சகத்தின் தடையில்லாச் சான்று பற்றி முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள், ராணுவக் கதைப் படங்களுக்கு அதை வாங்கச் சொல்லும்படி 2020-இல் தணிக்கை வாரியத்துக்கு அமைச்சகம் கடிதமே எழுதியிருக்கிறது, யூனிஃபார்ம் தைக்கக் கொடுப்பதற்கு முன்னால் அந்த வேலையை முடிப்பது நல்லது.