எழுத்தாளர் குழுவிலிருந்து வரும் புத்தகங்கள்: அச்சுக்கு முன்னும் பின்னும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட்டார எழுத்தாளர் குழு ஒன்றில் ஓர் உறுப்பினரின் புத்தகம் வெளிவந்தால் மற்றவர்கள் விழாவுக்கு வருகிறார்கள், பிரதி வாங்குகிறார்கள், மேடையேறி மனதாரப் பாராட்டுகிறார்கள். ஆனால் அவர்களில் எத்தனை பேர் அதை அச்சுக்குப் போகும் முன் கைப்பிரதியாகப் படித்தவர்கள்? கூலி எதிர்பார்க்காமல், எழுத்தின் நல்லது கெட்டது தெரிந்து படிக்கக்கூடிய நாலு பேர் அமைவது எந்த எழுத்தாளருக்கும் பெரிய பேறு. குழுவில் இருப்பவருக்கு அது கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் நேரே அச்சகத்துக்குப் போவதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறாக நினைக்கிறேன்.

கைப்பிரதியை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பி வைப்பதும் பலன் தராது. இன்னொருவர் படித்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவார்கள். இரண்டு பேரைத் தனியாகக் கேளுங்கள், வேலையையும் பிரித்துக் கொடுங்கள். ஒருவர் கதை எங்கே தொய்கிறது என்று மட்டும் பார்க்கட்டும். மற்றவர் கையில் பென்சிலோடு பெயர், வயது, ஆண்டு, உறவுமுறை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டே போகட்டும். மூன்றாம் அத்தியாயத்தில் காரியம் முடிந்த சித்தப்பா ஒன்பதாம் அத்தியாயத்துக் கல்யாணத்தில் வந்து நின்றால் அதைப் பிடிப்பவர் இந்த இரண்டாமவர்தான். எழுதியவர் கண்ணுக்கு அது படவே படாது. அவர் தாளில் இருப்பதைப் படிப்பதில்லை, மனதில் இருப்பதைப் படிக்கிறார்.

மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்த்துத் திருத்தும் விஷயத்தில் தமிழ்ப் புத்தகங்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த கதைகள் பழைய எழுத்துருக்களில் இருக்கும். அவற்றை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றும்போது எழுத்துகள் புரண்டுவிடுகின்றன. கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிவதுதான் இதில் ஆபத்து. ‘அவர்கள்’ என்பதில் ‘ர்’ வர வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் சேர்ந்து ‘அவா்கள்’ என்று உட்கார்ந்திருக்கும். ‘ஔவை’ என்பது ஒ, ள, வை என்ற மூன்று எழுத்துகளாகிக் கிடக்கும். தாளில் இது பெரிதாக உறுத்தாது. அதே கோப்பு மின்னூலானதும் தேடினால் சொல் கிடைக்காது, வாய்விட்டுப் படிக்கும் செயலி ‘ஒ-ள-வை’ என்று வாசிக்கும். பார்வையற்ற வாசகர்கள் அந்தச் செயலியை நம்பித்தான் படிக்கிறார்கள் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். மாற்றிய கோப்பில் துணைக்காலையும் புள்ளியையும் சேர்த்துத் தேடி, வருகிற இடத்திலெல்லாம் ‘ர்’ போட்டால் பெரும்பகுதி சரியாகிவிடும். பக்க வடிவமைப்பு முடிந்தபின் இன்னொரு முறை, கணினித் திரையில் பார்க்காமல் தாளில் எடுத்து, மெய்ப்புப் பாருங்கள். வடிவமைப்பின்போது புதுப் பிழைகள் நுழைவது வழக்கம்.

ஐ.எஸ்.பி.என். பற்றி ஒரு தவறான நம்பிக்கை விடாமல் உலவுகிறது: எண் வாங்கிவிட்டால் பதிப்புரிமை வந்துவிடும் என்று. அந்த எண் புத்தகத்தை அடையாளம் காட்டுவதற்கு மட்டுமே. 2007 ஜனவரி 1 முதல் அது 13 இலக்கம். அச்சுப் பிரதிக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறு எண். மாற்றமில்லாத மறு அச்சுக்குப் பழைய எண்ணே போதும், கணிசமாகத் திருத்திய பதிப்புக்குப் புது எண் வேண்டும். பதிப்புரிமையோ எழுதிய கணத்திலேயே பிறந்துவிடுகிறது. 1886-இல் உருவான, பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமாகிய பெர்ன் உடன்படிக்கை, 1908 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு போன்ற எந்தச் சடங்கையும் அதற்கு நிபந்தனையாக வைப்பதில்லை.

குழுவின் கூட்டுத் தொகுப்பு என்றால் இது இன்னும் முக்கியம். கதை கொடுத்தவர் தொகுப்பில் சேர்க்க மட்டுமே சம்மதித்திருக்கிறார்; கதையின் உரிமை அவருடையது. தொகுப்பாசிரியருக்குத் தேர்விலும் வரிசையிலும்தான் உரிமை. ‘நம்ம ஆளுங்கதானே’ என்று வாய்வார்த்தையில் விட்டுவிடுகிறோம். பிறகு தொகுப்பு மின்னூலாகும்போதோ, யாராவது மொழிபெயர்க்கக் கேட்கும்போதோ மனஸ்தாபம் வருகிறது. உறுப்பினர் ஒருவர் காலமாகிவிட்டால் வாரிசுகளைத் தேடிப் போக வேண்டியிருக்கும். அச்சு, மின்னூல், மொழிபெயர்ப்பு மூன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதமா என்று ஒரு பக்கக் கடிதம் வாங்கி வையுங்கள். நட்புக்கு அது பாதுகாப்பு.

அச்சகத்தில் 16 பக்கம் ஒரு ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அடித்து மடிக்கும் பக்கங்கள்) என்ற கணக்கில் அடித்தால், 163 பக்கப் புத்தகம் 176 பக்கமாகும், 13 வெற்றுப் பக்கம் மிஞ்சும். வடிவமைப்பின்போதே கொஞ்சம் இறுக்கினால் 160-க்குள் அடங்கிவிடும். ஆசிரியர் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிப் போகும். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

புத்தகம் வந்தபின் குழு வெளியிடும் ‘உறுப்பினர்களின் புதிய நூல்கள்’ பட்டியலைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அருமையான நூல், அவசியம் படிக்க வேண்டிய நூல் என்று எல்லாவற்றுக்கும் ஒரே பாராட்டு. நாவலா, கட்டுரையா, எத்தனை பக்கம், எந்த ஆண்டு, எந்தப் பதிப்பகம், எங்கே கிடைக்கும் என்ற விவரம் இருக்காது. மறு அச்சும் புது நூலும் கலந்து கிடக்கும். முகமறியாத வாசகருக்கு நாலு பெயரடைகளைவிட நூலிலிருந்து எடுத்த ஒரே ஒரு பத்தி அதிகம் சொல்லும். மதிப்புரையும் அப்படித்தான். எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும் பாராட்டு எந்தப் புத்தகத்தையும் விற்றுத் தராது. நூலுக்குள்ளிருந்து ஓரிடத்தைக் காட்டி, அது ஏன் பிடித்தது, எது கைகூடவில்லை என்று எழுதுங்கள். நானும் இவரும் ஒரே குழு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அமேசானில் நெருங்கிய நண்பர்களும் குடும்பத்தாரும் மதிப்புரை இடுவதற்கு விதியே இடம் தருவதில்லை, ஆகவே அங்கே ஆள் திரட்டி நட்சத்திரம் போட வைக்காதீர்கள்.

கடைசியாக, கோப்பு. அச்சுக்குப் போன இறுதி வடிவத்தை, எழுத்துருக்களோடும் அட்டைக் கோப்போடும் சேர்த்து, வடிவமைத்தவரிடமிருந்து அன்றைக்கே வாங்கிவிடுங்கள். ஆசிரியரிடம் பெரும்பாலும் மெய்ப்புத் திருத்தங்கள் ஏறாத பழைய வேர்டு கோப்புதான் இருக்கும். சில ஆண்டுகள் கழித்து இரண்டாம் பதிப்புக்கு யாராவது கேட்கும்போது வடிவமைத்தவரின் கணினி மாறியிருக்கும். திருத்திய பிழைகளையெல்லாம் மறுபடி முதலிலிருந்து திருத்த வேண்டிவரும். குழுவின் செயலாளரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.