மெயின்பிரேமில் ஜாப் நகரவில்லையா? உடனே கேன்சலில் கை வைக்காதீர்கள்

அமெரிக்கக் கிழக்குக் கரையில் நள்ளிரவு 12 மணி என்றால், கோடையில் மதுரையில் காலை 9.30, குளிர்காலத்தில் 10.30. இலந்தைக்குளம் எல்காட் ஐடி பூங்காவில் இருந்தபடி அமெரிக்க வங்கி ஒன்றின் மெயின்பிரேமில், அதாவது பெரிய மையக் கணினியில், இரவு பேட்ச்சை (வரிசையாக ஓடும் ஜாப்களை, அதாவது வேலைகளை) கவனிப்பவருக்கு அதுதான் நெருக்கடி நேரம். ஒரு ஜாப் நின்றால் அதை நம்பியிருக்கும் அத்தனையும் நிற்கும். பதற்றத்தில் புதியவர்கள் செய்வது ஒன்றே: ஜாப்களைக் கண்காணிக்கும் எஸ்டிஎஸ்எஃப் திரையில் அந்த ஜாபைக் கேன்சல் செய்வது. நிற்கிற ஜாப் பெரும்பாலும் அடிவாங்கிய கட்சி. அடித்தவர் வேறெங்கோ சாவகாசமாக இருப்பார்.

லாகில் ஐஇஎஃப்099ஐ என்று வந்திருந்தால், ஜாப் டேட்டாசெட்டுக்காக, அதாவது ஒரு கோப்புக்காக, காத்திருக்கிறது என்று பொருள். எதை யார் பிடித்திருக்கிறார், யார் காத்திருக்கிறார் என்று காட்டும் ‘டி ஜிஆர்எஸ்,சி’ கட்டளையைக் கொடுங்கள். உங்கள் ஜாபின் பெயருக்கு நேரே ‘எக்ஸ்குளூசிவ், வெயிட்’ (தனக்கு மட்டும் வேண்டும், காத்திருக்கிறது) என்று இருக்கும். அதே டேட்டாசெட்டில் ‘ஷேர், ஓன்’ (பகிர்ந்து பிடித்திருக்கிறது) என்று யாரோ ஒருவரின் டிஎஸ்ஓ ஐடி, அதாவது மெயின்பிரேம் லாகின் பெயர், நிற்கும். கோப்பைப் பார்வைக்குத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார், புண்ணியவான். அவர் வெளியே வந்தால் போதும், ஜாப் தானே ஓடும்.

அதைப் பார்க்காமல் அதே ஜாபை இன்னொரு முறை சப்மிட் செய்வது கேன்சலைவிட மோசம். ஒரே பெயர் என்பதால் இரண்டாவதை ஜெஸ்2 (ஜாப்களை வரிசைப்படுத்தி ஓட விடும் மென்பொருள்) வழக்கமாகக் காக்க வைக்கும். முதலாவது முடிந்ததும் இது கிளம்பி, போட்ட வட்டியையே மறுபடி கணக்கில் ஏற்றிவிடக்கூடும்.

இனிஷியேட்டர்களை, அதாவது ஜாப்கள் ஓடுவதற்கான இடங்களை, கூட்டுவதும் வீண். டேட்டாசெட்டுக்குக் காத்திருக்கும் ஜாபும் ஓர் இனிஷியேட்டரைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. கோரிப்பாளையத்தில் பஸ் பழுதாகி நிற்கும்போது பின்னால் இன்னும் நாலு பஸ்ஸை அனுப்புவது போன்ற வேலை அது. முன்னுரிமையை உயர்த்துவதாக இருந்தால், டேட்டாசெட்டைப் பிடித்து வைத்திருக்கும் ஜாபுக்கு உயர்த்துங்கள். சிபியு கிடைக்காமல் அது ஊர்ந்துகொண்டிருந்தால் பலன் தெரியும்.

டிபி2 தரவுத்தளத்தில் பாதி அப்டேட் ஆன ஜாபைக் கேன்சல் செய்தால், கமிட் ஆகாத (உறுதியாகப் பதியாத) மாற்றங்களை எல்லாம் ரோல்பேக் செய்து, அதாவது பழையபடி திருப்பி, முடிக்க நேரம் எடுக்கும். “கேன்சல் வேலை செய்யவில்லை” என்று அடுத்து ஜாபை வலுக்கட்டாயமாக நிறுத்தும் ஃபோர்ஸ் கட்டளையைக் கொடுப்பார்கள். அது கடைசி ஆயுதம். சிஸ்டத்தையே மறுபடி ஐபிஎல் செய்யும், அதாவது முழுவதுமாக மறுதொடக்கம் செய்யும், நிலைக்குக் கொண்டுபோகலாம்.

ஜாப் வேறு காரணத்தால் நின்றிருந்தால், அதாவது டேப் மவுன்ட் செய்யக் காத்திருந்தாலோ கன்சோல் கேள்வி பதில் இல்லாமல் கிடந்தாலோ, ‘டி ஆர்,எல்’ கட்டளை காட்டிக்கொடுத்துவிடும்.

இதே தகராறு அடிக்கடி வந்தால் ஜேசிஎல்லை (ஜாபின் படிகளை எழுதிய கட்டளைத் தொகுப்பை) திறந்து பாருங்கள். அந்த டேட்டாசெட்டுக்குக் கடைசி ஸ்டெப்பில் மட்டும் டிஸ்ப் ஓல்டு (தனக்கு மட்டும்), மற்றதெல்லாம் ஷேர் என்று எழுதியிருப்பார்கள். ஆனால் ஜாப் தொடங்கும்போதே சிஸ்டம் டேட்டாசெட்டை எக்ஸ்குளூசிவாகப் பிடித்துவிடும். அந்த ஸ்டெப் முடியும்வரை வழக்கமாக விடாது. அந்த ஸ்டெப்பைப் பிரித்துத் தனி ஜாபாக்கிவிடுங்கள்.