மதில்மேல் மிக்சர்: பறவைகளுக்குத் தீனி வைப்பதில் நடக்கும் தவறுகள்

எங்கள் வீட்டில் அம்மா சாப்பிட உட்காருமுன் ஒரு கைப்பிடிச் சோற்றை மதில்மேல் வைத்து "கா... கா..." என்று கூப்பிடுவார். காக்கையும் வந்துவிடும். சாம்பார்ச் சோறு, அமாவாசை வடை, களி கிண்டிய அன்று களி உருண்டை, எதை வைத்தாலும் தின்னும். செத்த எலியையும் விடாத வயிறு அது. தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு, சிட்டுக்குருவிக்கும் தீனி வைக்கலாமே என்று எனக்கு ஆசை வந்தது. நானும் அதே மதிலில், வீட்டில் மிஞ்சியதைத்தான் வைத்தேன். டீயோடு தின்றுவிட்டு மீந்த மிக்சர், ரொட்டித் துண்டு, ஒருநாள் கிண்ணத்தில் பால்கூட.

அத்தனையும் தப்பு. சிட்டுக்குருவியின் எடை முப்பது கிராமைத் தாண்டுவது அரிது. மிக்சரிலும் முறுக்கிலும் இருக்கிற உப்பை அந்தச் சின்ன உடம்பால் வெளியேற்ற முடியாது. ரொட்டி வயிற்றை அடைக்குமே தவிர சத்து கிடையாது. பாலூட்டிதான் பால் குடிக்கும். பறவைக்கு அது செரிக்காது. இதைவிட மோசம், பூசணம் பிடித்த நிலக்கடலையை "வீணாகப் போவானேன், குருவிக்காவது ஆகட்டும்" என்று கொட்டுவது. அந்தப் பூசணத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. மாட்டுக்கே ஆகாததைக் குருவிக்குப் போடலாமா?

பச்சரிசி குருவியின் வயிற்றில் ஊறி வெடித்துவிடும் என்று ஒரு பயம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது வெறும் கதை. வயலில் காய்ந்த நெல்லையே தின்று வாழ்கிற பறவைக்கு அரிசியால் ஒன்றும் ஆகாது. அரிசி நொய் தாராளமாக வைக்கலாம். அதைவிட நல்லது நம் மாவட்டத்திலேயே விளைவதுதான்: ராகி, சாமை, தினை, கம்பு. கடையில் பாக்கெட்டில் விற்கும் 'பறவைத் தீவனம்' எதற்கு என்று எனக்குப் புரிவதில்லை. அறுப்பு முடிந்ததும் பத்துப் பதினைந்து ராகிக் கதிரைக் கொத்தாகக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். சிட்டு முதலில் கயிற்றில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்க்கும். அப்புறம் கதிரின் விரல்களைக் காலால் பற்றித் தலைகீழாகத் தொங்கி, ஒவ்வொரு மணியாக உருவி, உமியை அலகோரத்தில் துப்பும். கீழே தரையில் பொடிப்பொடியாக உமி சேர்ந்திருக்கும். தட்டில் கொட்டிய தானியத்தில் இந்த வேடிக்கை கிடையாது.

அளவு விஷயத்தில் நமக்குக் கை நிற்பதில்லை. விருந்தாளிக்கு இலை காலியாகக் கூடாது என்கிற ஊர்க்காரர்கள் அல்லவா! நான் காலையில் ஒரு படி ராகியைத் தரையில் இறைத்துவிட்டு வேலைக்குப் போவேன். முதலில் புறாக்கள் கூட்டமாக வந்தன, சிட்டுகள் ஒதுங்கின. ஒரு மாதத்தில் துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் எலி வளை. அடுத்த மாதம் அந்த வளையைத் தேடிக்கொண்டு ஆறடிச் சாரை. பக்கத்து வீட்டு ஆயா, "ஏம்பா, குருவிக்குத் தீனி வெக்கிறயா, பாம்புக்கு வெக்கிறயா?" என்று கேட்டார். சாரையோடு போனதே, கண்ணாடிவிரியன் வந்திருந்தால்? இப்போது காலையில் ஒரு கைப்பிடி, அதுவும் தரையில் இல்லை, தொங்கும் தட்டில். பொழுது சாயும்போது மிச்சமிருந்தால் எடுத்துவிடுவேன். எலிக்கு மருந்து வைக்கலாமே என்பார்கள். மருந்து தின்று தள்ளாடும் எலியை ஆந்தை பிடித்தால் அந்த நஞ்சு ஆந்தைக்கும் போகும்.

சித்திரை வெயிலில் தானியத்தைவிடத் தண்ணீர்தான் முக்கியம். தானியம் எங்காவது கிடைத்துவிடும். ஏரி குட்டைகள் வறண்டபின் நல்ல தண்ணீர் கிடைக்காது. ஆனால் நாம் வைப்பது என்ன? பிளாஸ்டிக் பக்கெட், இல்லாவிட்டால் எவர்சில்வர் சட்டி. பக்கெட்டில் குருவி விழுந்தால் ஏற முடியாது. எவர்சில்வர் மத்தியான வெயிலில் அடுப்பில் வைத்தது போலச் சுடும். மண்சட்டியின் அகலமான மூடி போதும். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். நடுவில் ஒரு சொரசொரப்பான கல். எட்டு அடிக்குள் புதர் இருந்தால் பூனை பதுங்கும் என்பதால் சற்றுத் திறந்த இடமாகவும், பறந்து தப்ப ஒரு கிளை மேலே இருப்பதாகவும் பார்த்து வையுங்கள்.

வைத்த தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு ஆவியாகிற அளவுக்கு மேலே ஊற்றிக்கொண்டே போவது இன்னொரு பழக்கம். என் சட்டியை, கொசுப்புழு பார்க்க வந்த பணியாளர் ஒருவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கவிழ்த்துவிட்டுப் போனார். எட்டிப் பார்த்தால் ஈரத்தில் புழு நெளிந்துகொண்டிருந்தது. கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். தினமும் கொட்டித் தேய்த்துக் கழுவி வைத்தால் கொசுவும் இல்லை, எச்சம் கலந்த தண்ணீரால் பறவைக்குப் பறவை பரவும் நோயும் குறையும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிட்டு தானியம் தின்னும். அதன் குஞ்சு தின்னாது. குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். தட்டில் தினையை வைத்துவிட்டு, முருங்கையில் கம்பளிப்பூச்சி என்று மருந்தடித்தால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கியதாகிறது. வேலியோரத்து முசுக்கொட்டை (மல்பெரி) செடியை வெட்டாமல் விட்டேன். பழுக்கிற காலத்தில் கொண்டைக்குருவிகள் என் தட்டைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

கூடுபெட்டி வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது வண்ணத்தை இல்லை, ஓட்டையை. சிட்டுக்கு ஒன்றேகால் அங்குலம் சரி. அதைவிடப் பெரிதாக இருந்தால் மைனா புகுந்துகொள்ளும். மேற்கு வெயில் படும் சுவரில் மாட்டினால் குஞ்சு வெந்துவிடும். மாட்டிய பிறகு தினமும் எட்டிப் பார்க்காதீர்கள். நாம் எங்கே எட்டிப் பார்க்கிறோம் என்பதைக் காக்கை பார்த்துக்கொண்டிருக்கும். கூட்டுக்கு அருகில் ஃபிளாஷ் போட்டுப் படமெடுப்பதும், போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இதே ரகம். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது குஞ்சை விட்டுவிட்டு அலையும்.

வைகாசியில் தரையில் தத்தும் குஞ்சைப் பார்த்ததும் அட்டைப்பெட்டியில் போட்டுச் சோறூட்டப் பாய்கிறோம். இறகு முளைத்துத் தத்தினால் அது பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்திலேயே இருக்கும். பூனையைத் துரத்திவிட்டு விலகி நின்றால் போதும். இறகே இல்லாத குஞ்சு விழுந்திருந்தால் எடுத்துக் கூட்டில் வைத்துவிடலாம். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதும் கதைதான். கிளிக்குஞ்சை மட்டும் "பாவம், வளர்க்கலாம்" என்று கூண்டில் போட்டுவிடாதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். ஐப்பசியில் வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுவதுண்டு. வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். காற்றோட்டமுள்ள பெட்டியில் இருட்டாக ஒரு மணி நேரம் வைத்திருந்து திறந்தால் பெரும்பாலும் பறந்துவிடும். பறக்காவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, பார்க்கிற விதம். நிறத்தை வைத்துப் பெயர் சொல்லிவிடுகிறோம். ஆணும் பெண்ணும் ஒரே நிறமில்லாத பறவைகள் எத்தனையோ. அலகு எப்படி, வால் எவ்வளவு, தரையில் தத்துகிறதா நடக்கிறதா, என்ன தின்கிறது என்று பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். பொங்கலையொட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பிலும் இவ்வளவுதான்: ஒரு 15 நிமிடமாவது ஓரிடத்தில் நின்று, கண்டதை எண்ணி, பறவைக் குறிப்புகளைச் சேர்க்கும் இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் பதிவது. புழக்கடையில் நின்றே செய்யலாம்.

பழுப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளி, நீள வால் கொண்ட ஒன்றை நான் நோட்டில் மூன்று இடத்தில் 'வல்லூறு' என்று எழுதியிருந்தேன். நான்காம் முறை அது பப்பாளி மரத்தில் உட்கார்ந்து பழத்தைக் குடைந்து தின்றுகொண்டிருந்தது. வல்லூறு எங்கே பப்பாளி தின்னும்? மூன்றையும் அடித்துவிட்டு 'பெண்குயில்' என்று எழுதினேன்.