சப்வூஃபர் ஒரு இடத்தில் இடிக்கிறது, இன்னொரு இடத்தில் காணோம்: சரிசெய்வது எப்படி?

புதிதாக வாங்கிய சப்வூஃபரை (பேஸ் என்னும் அடித்தொனியை மட்டும் தரும் ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்து மூலையில் வைத்துப் பாட்டைப் போட்டால், சோஃபாவில் உட்கார்ந்திருக்கும்போது சில சுரங்கள் நெஞ்சில் இடிக்கின்றன, சில சுரங்கள் வந்த மாதிரியே தெரியவில்லை, எழுந்து கதவோரம் போனால் அங்கே பேஸ் அள்ளிக்கொண்டு போகிறது. உடனே பலரும் இன்னும் பெரிய சப் வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள். வாங்காதீர்கள். பெரும்பாலும் சப்பில் ஒரு குறையும் இருக்காது, பேஸைக் கலைப்பது அறைதான். அதனால் முதலில் இடம், அப்புறம் குமிழ்கள், இக்யூ (குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் கூட்டவோ குறைக்கவோ செய்யும் வசதி) கடைசியில். வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும்.

படி 1: அறையை அளங்கள்

ஒரு டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்துகொள்ளுங்கள். 570-ஐ ஒவ்வொரு அளவாலும் வகுத்தால், அந்த இரு சுவர்களுக்கு நடுவே ஒலி மாட்டிக்கொண்டு பெருகும் முதல் அதிர்வெண் ஹெர்ட்ஸில் கிடைக்கும் (நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,140 அடி போகிறது, அதில் பாதிதான் இந்த 570). நம் வீடுகளில் நிறையவே இருக்கும் 10க்கு 12 அறையை எடுத்துக்கொள்வோம், உயரமும் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். நீளத்துக்கு 47.5 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 57, உயரத்துக்கும் அதே 57. அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 57-ல் இரண்டு பெருக்கங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துவிடுகின்றன.

இது காதில் எப்படிக் கேட்கும் என்றால், பேஸ் கிட்டாரின் திறந்த ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ், டி தந்தி 73. கலைஞர் இரண்டையும் ஒரே அழுத்தத்தில்தான் வாசித்திருப்பார். இந்த அறையில் 57-க்குப் பக்கத்தில் இருக்கும் ஏ மட்டும் பொங்கி வழிந்து, அடுத்த சுரம் வந்த பிறகும் பின்னால் முழங்கிக்கொண்டே இருக்கும். செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் பேஸைக் கிட்டத்தட்ட அப்படியே திருப்பி அனுப்பிவிடும். மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த அமெரிக்க வீடுகளில் கொஞ்சம் பேஸ் சுவர் வழியாகவே வெளியே போய்விடும், நமக்கு அந்தச் சலுகை இல்லை.

படி 2: சோஃபாவை நகர்த்துங்கள்

பலரும் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், காசு செலவில்லாமல் அதிகப் பலன் தருவது இதுதான். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் நீளவாட்டுப் பெருக்கங்கள் எல்லாமே உச்சத்தில் கேட்கும். சரியாக அறையின் நடுவில் உட்கார்ந்தால் அந்த 47.5 ஹெர்ட்ஸ் காணாமலே போகும். இரண்டுக்கும் இடையில், 12 அடி நீளத்தில் ஏதாவது ஒரு சுவரிலிருந்து நாலரை அடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பது நல்ல தொடக்கம். அவ்வளவு முடியாது, நடக்க வழி வேண்டும் என்றால் பின்சுவரிலிருந்து இரண்டடியாவது இழுங்கள், வித்தியாசம் தெரியும்.

படி 3: சப்புக்கு இடம் தேடுங்கள்

சோஃபாவைத் தள்ளிவிட்டு, நீங்கள் உட்காரும் இடத்திலேயே சப்பை வையுங்கள். முடிந்தால் ஒரு உறுதியான ஸ்டூல் மேல், கனமாக இருந்தால் தரையிலேயே இருக்கட்டும். மற்ற ஸ்பீக்கர்களை நிறுத்திவிடுங்கள். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் பேஸ் கிட்டார் மேலும் கீழுமாக நடந்துகொண்டே இருக்குமே, அப்படி ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். ஒரே மாதிரி இடிக்கும் டிரம் இதற்கு உதவாது.

இப்போது தரையில் மண்டியிட்டு, சப் நிற்கக்கூடிய சுவரோரங்களில் ஒரு அடி ஒரு அடியாக நகர்ந்து கேளுங்கள். காது தரையிலிருந்து ஒரு அடிக்குள் இருக்கட்டும். சப்பையும் காதையும் இடம் மாற்றினாலும் இரண்டுக்கும் நடுவே அறை செய்யும் வேலை மாறாது, அதனால்தான் இந்த வழி பலிக்கிறது. சத்தம் அதிகமான இடத்தைத் தேடாதீர்கள், அது எப்போதும் மூலையாகத்தான் இருக்கும். எல்லாச் சுரங்களும் தனித்தனியாக, ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும் இடம்தான் வேண்டும். அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று இடங்கள் கிடைத்தால், பிளக் பாயிண்டும் கேபிளும் எட்டுகிற இடத்தில் சப்பை வைத்துவிட்டு, சோஃபாவில் உட்கார்ந்து உறுதிப்படுத்துங்கள்.

படி 4: ரிசீவர் அமைப்பு

ரிசீவரில் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) ஸ்பீக்கர்கள் எல்லாவற்றையும் 'ஸ்மால்' என்று, அதாவது பேஸைச் சப்புக்கு விட்டுவிடும்படி வையுங்கள், கிராஸ்ஓவர் (எதற்குக் கீழே சப் பாட வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸ். சப்பின் பின்னால் இருக்கும் கிராஸ்ஓவர் குமிழை முழுக்க மேலே திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வடிகட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று வேலை செய்யும். ரிசீவரில் ஆடிஸி மாதிரி, மைக் வைத்து அறையை அளந்து தானே சரிசெய்துகொள்ளும் தானியங்கி அளவீடு இருந்தால் ஓட்ட வேண்டிய நேரம் இதுதான். ஓட்டி முடித்ததும் பெரிய ஸ்பீக்கர்களை அது 'லார்ஜ்' ஆக்கியிருக்கிறதா என்று பார்த்து, திரும்ப 'ஸ்மால்' என்று மாற்றுங்கள்.

படி 5: ஃபேஸ்

ஃபேஸ் என்பது சப்பின் அலையும் ஸ்பீக்கரின் அலையும் ஒன்றோடொன்று ஒத்துப்போவது. 80 ஹெர்ட்ஸ் டோனை (ஒரே அதிர்வெண்ணில் வரும் சோதனை ஒலி) முன் ஸ்பீக்கர்களும் சப்பும் சேர்ந்து பாடும்படி ஓட விட்டு நீங்கள் சோஃபாவில் உட்காருங்கள், வீட்டில் யாரையாவது சப்பின் ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றச் சொல்லுங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அதிலேயே விட்டுவிடலாம்.

படி 6: அளந்து, வெட்டுங்கள்

ரூம் இக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம். யூமிக்-1 மாதிரி யூஎஸ்பி மைக் இருந்தால் அதன் அளவுத்திருத்தக் கோப்பையும் ஏற்றிக்கொண்டு, காது இருக்கும் உயரத்தில் மைக்கை வைத்து 15 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் டோனை ஓட விடுங்கள். ஃபோன் மைக் அடி பேஸைச் சரியாகப் பிடிக்காது, ஆனால் இந்த இடமா அந்த இடமா என்று ஒப்பிடப் போதும்.

வரைபடத்தில் மேடுகளும் பள்ளங்களும் தெரியும். மேட்டை மட்டும் இக்யூவில் வெட்டுங்கள். நம் அறையில் 57-ல் 6 டெசிபல் மேடு இருந்தால் அங்கே ஒரு குறுகலான 6 டெசிபல் வெட்டு போதும், முழக்கமும் சேர்ந்து குறையும். பள்ளத்தை நிரப்பப் பார்க்காதீர்கள். அங்கே நேராக வரும் ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, நீங்கள் ஏற்றினால் திரும்பி வருவதும் அதே அளவு ஏறும். 10 டெசிபல் ஏற்ற ஆம்ப்ளிஃபயருக்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும், பள்ளம் அப்படியேதான் கிடக்கும். பள்ளத்துக்கு மருந்து இடமாற்றம்தான், படி 2-க்குத் திரும்புங்கள்.

சோஃபாவில் நாலு பேருக்கும் ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்றால் ஒரு பெரிய சப்பைவிட இரண்டு சிறிய சப்கள் மேல். ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது: எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளிகளில் ஒவ்வொன்று. சுவரில் ஒட்டும் இரண்டு அங்குல ஃபோமுக்குப் பணம் போடாதீர்கள், 50 ஹெர்ட்ஸின் அலைநீளமே ஏழு மீட்டர் வரும், அதை ஃபோம் ஒன்றும் செய்யாது.

படி 7: அதிரும் பொருள்கள்

30-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோனை ஓட விட்டு அறையைச் சுற்றி வாருங்கள். ஸ்டீல் பீரோ கதவு, ஜன்னல் கண்ணாடி, சுவரில் மாட்டிய படம், ஏதாவது ஒன்று கடகடக்கும். கையை வைத்து அழுத்தினால் நிற்கிறதா பாருங்கள், நின்றால் அங்கே ஒரு துண்டு ரப்பரோ ஃபெல்ட்டோ ஒட்டுங்கள்.

எல்லாம் முடிந்ததும் பேஸ் குறைந்துவிட்ட மாதிரி தோன்றும், மேட்டின் இடிக்குக் காது பழகியிருந்ததுதான் காரணம். சில நாட்கள் அப்படியே கேளுங்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் சப்பின் அளவை 2 அல்லது 3 டெசிபல் ஏற்றிக்கொள்ளலாம், இப்போது எல்லாச் சுரங்களும் சேர்ந்தே ஏறும்.